இருபத்துநான்காவது பெயர்

பிப்ரவரி 19

கொசுவுக்கு,

பத்து நாளில் நாற்பது தடவை ஃபோன் செய்துவிட்டாய். நான் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன். உன் பதினொரு வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அன்றிலிருந்து எனக்கு இது பழகிப்போன வியாதி. இந்தத் தடவை விட மனமில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து காலை ஆறரைக்கு உங்கள் விமான நிலையத்தில் இறங்கினேன். பை ஏழு கிலோவுக்கு மேல் போனால் தனியாகக் காசு கேட்பீர்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். அதனால் உன் அண்ணனுக்கு வாங்கிய இரண்டு சட்டைகளையும் என் உடுப்புக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கவுண்டரில் நீ. எனக்கு ஒரே நிம்மதி. நம்ம பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

நீ தாளைப் பார்த்தாய். "மேடம், இந்த ஃபிளைட்ல இடம் இல்லை. மத்தியானம் அனுப்பறோம்" என்றாய்.

"கொசு, நான்தான்" என்றேன், மெதுவாக.

"அடுத்தவங்க வாங்க" என்றாய்.

மத்தியானம் இரண்டு மணி ஐந்தாயிற்று. ஐந்து மணி நாளைக் காலையாயிற்று. நாளைக் காலை ரத்தாயிற்று. உன் அண்ணனின் கப்பல் மறுநாள் நண்பகல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. பதினொரு மாதம் கழித்து ஒன்றரை நாள் கரையோரம் நின்ற கப்பல். அங்கேயே இறங்கி வீட்டுக்கு வருவதா, எஞ்சின் அறையிலேயே இன்னும் ஒன்பது மாதம் ஒப்பந்தத்தை நீட்டுவதா என்று இருவரும் நேரில் பேசி முடிவு செய்வதாக இருந்தோம். உனக்குத் தெரியாததா.

வர முடியவில்லை என்று நான் ஃபோனில் சொன்னபோது, "பரவாயில்லை, பத்திரமா வீட்டுக்குப் போ" என்றார். மறுநாள் ஒரு வரிச் செய்தி: ஒன்பது மாதம் நீட்டியாயிற்று.

நீ எதற்காக அப்படிச் செய்தாய் என்பதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணி

*

பிப்ரவரி 27

அண்ணிக்கு,

நீங்கள் திட்டி எழுதியிருக்கலாம். இப்படி அமைதியாக எழுதியிருப்பதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு வர வேண்டிய பெரிய விமானம் வரவில்லை. அதை வாடகைக்குக் கொடுத்தவர்களே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு வந்தது எழுபது இருக்கை உள்ள சின்னது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். மேலாளர் பயணிகள் பட்டியலை என் கையில் கொடுத்து, "நீயே பாத்து இருபத்துநாலு பேரைக் கழிச்சிடு, இருபது நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன், அண்ணி. கைக்குழந்தைக்காரர்களைக் கழிக்க முடியாது. சக்கர நாற்காலியில் வந்தவர்களைக் கழிக்க முடியாது. அங்கே போய் வெளிநாட்டுக்கு விமானம் மாற வேண்டியவர்களையும் விட முடியாது. தோளில் பை மாட்டிய இளைஞர்கள், வியாபார விஷயமாகப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக அடித்துக்கொண்டு வந்து இருபத்துமூன்று ஆயிற்று. இன்னும் ஒன்று. மிச்சம் இருந்தது நீங்களும், கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவரும். அன்று மத்தியானம் அவருடைய மகளுக்கு அறுவைச் சிகிச்சை. "அப்பா வராம உள்ள போகமாட்டேன்னு அழுதுட்டிருக்கா" என்றார்.

உங்கள் பெயரை அடித்தேன். மேடம் என்று கூப்பிட்டதற்குக் காரணம், உங்கள் முகத்தைப் பார்த்தால் என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.

கொசு

*

மார்ச் 8

கொசுவுக்கு,

உன் கடிதத்தை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் வேலை பார்த்தேன். பல் செட் வேலையில் ஒரு சௌகரியம், கை ஓடிக்கொண்டிருக்கும், மனம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஆறு பேருடைய சிரிப்பைச் செய்து முடித்தேன். மெழுகில் பல்லை நட்டுக்கொண்டே அந்தப் பெண்ணை நினைத்தேன்.

உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? என்ன வயது? என்ன அறுவை? அவர் ஃபோன் நம்பர் உங்கள் கணினியில் இருக்குமே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல். உன் அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். "நல்லா இருக்கட்டும், கொசு சரியாத்தான் பண்ணியிருக்கா" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அவரிடமிருந்து இவ்வளவு நீளமான வாக்கியம் வந்து வருடக்கணக்காயிற்று.

அந்தப் பிள்ளைக்காகப் போன ஒன்பது மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி ஃபோன் செய்தால் எடுக்கிறேன். ஆனால் எழுதுவதை நிறுத்தாதே. ஃபோனில் நாம் இருவரும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம்.

அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வேலை தலைக்கு மேல். விமானம்தான் குறைந்துகொண்டே வருகிறது, வேலை குறையவில்லை. ஒரு விமானத்தின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். கழற்றப்பட்டது ஓரமாக, மூக்கை அறுத்த முகம் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகிவிட்டோம். எண்ணெய் ஊற்றுகிறவர் ரொக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் குழாயைத் தொடுவதில்லை. போர்டிங் பாஸ் அச்சடிக்கும் மெஷின் கெட்டு இரண்டு வாரமாயிற்று, கையால் எழுதிக் கொடுக்கிறோம். நேற்று ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்து, "ஏம்மா, இது ஃபிளைட்டுக்கா, செருப்பு வெச்சதுக்கா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

யாராவது ஏன் தாமதம் என்று கேட்டால் "செயல்பாட்டுக் காரணங்கள்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். செயல்படவே இல்லை என்பதுதான் காரணம். தெருவில் போகும்போது சீருடைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிறோம், வெயிலிலும். போன வாரம் எங்களில் ஒருத்தியை பஸ்ஸில் அடையாளம் கண்டு ஓர் அம்மா இறங்கும்வரை திட்டிக்கொண்டே வந்தார்களாம்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் தூளில் முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள்.

கொசு

*

மார்ச் 29

கொசுவுக்கு,

அந்தப் பெண்ணைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஃபோனிலும் பேச்சை மாற்றினாய். ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தாலும் சொல்லிவிடு. உன் அண்ணனும் கேட்டார்.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

அப்படி ஒரு பெண் இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தாளை மூடி வைத்தேன். இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் உண்மை. மகள் பொய், அறுவை பொய். அந்த ஆள் கவுண்டரை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தார். செல்ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டிப் படம் பிடித்தார். "உன் மூஞ்சிய ஊரெல்லாம் காட்டறேன், என்னை ஏத்தலேன்னா பாரு" என்றார். ஜனவரியில் இதே மாதிரி ஒருவர் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து என் பக்கத்துக் கவுண்டர் பெண்மேல் எறிந்தார். புருவத்துக்கு மேல் நாலு தையல். அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை. இதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை, வேலையை விடச் சொல்வீர்கள் என்று.

இருபத்துநான்காவது பெயராக அவரைத்தான் அடித்து வைத்திருந்தேன், அதை அழித்தேன். பிறகு பட்டியலில் யார் கத்தமாட்டார்கள் என்று தேடினேன். யாருக்கு அவசரம், யாருக்கு அவசரமில்லை என்று பார்க்கவில்லை. கத்தாத ஆள் யார் என்று மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் கத்தமாட்டீர்கள். எனக்குத் தெரிந்தவர்களில் நீங்கள் மட்டும்தான் என்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாதவர். அதனால் உங்கள் பெயர்.

விமானத்துக்குப் போகும் வழியில் அந்த ஆள் யாரிடமோ ஃபோனில், "சும்மாதான், ரெண்டு நாள் சுத்திட்டு வரலாம்னு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

உங்களுக்குக் கோபம் குறையட்டும் என்று அந்தப் பெண்ணை உண்டாக்கினேன். நீங்கள் அவள் வயதைக் கேட்பீர்கள் என்று நினைக்கவே இல்லை.

கொசு

*

ஏப்ரல் 14

படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். எழுத ஒன்றும் இல்லை. உன் அண்ணனிடம் நீயே சொல்லிக்கொள். ஃபோனும் வேண்டாம்.

*

மே 16

அண்ணிக்கு,

நீங்கள் பதில் போடமாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "சரி" என்று ஒரு சொல்தான் வந்தது. அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி திங்கட்கிழமை மூடிவிட்டது. செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கும் செய்தியில் பார்த்துத்தான் தெரியும். காலையில் நான் போகும்போது கவுண்டருக்கு முன்னால் நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மேலாளர் அறை பூட்டியிருக்கிறது. கணினியில் எங்கள் பெயரை அடித்தால் உள்ளே விடவில்லை. எங்களில் மூன்று பேர்தான் வந்திருந்தோம், ஒருத்தி கழிவறைக்குப் போனவள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருவர் வந்து, "எவ்வளவு நேரம் லேட்டும்மா?" என்று கேட்டார். வாயில் ஒரு மணி நேரம் என்றுதான் வந்தது, பழக்கம். விழுங்கிக்கொண்டு, பெட்டி எடை போடும் மேடைமேல் ஏறி நின்றேன்.

"ஃபிளைட் இல்லைங்க. இன்னிக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. கம்பெனிய மூடிட்டாங்க. எங்களுக்கும் இப்பதான் தெரியும். தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதாவது வந்து விழும் என்று நினைத்தேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் முன்வரிசையில் ஓர் அம்மா தன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவர், "நேத்து ராத்திரிவரைக்கும் டிக்கெட் வித்தீங்களேம்மா" என்றார்.

"ஆமா சார், வித்தோம்" என்றேன்.

அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பெட்டியில் கட்டும் அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எந்த பஸ், எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் மத்தியானம் மூன்று மணிவரை கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஆறு வருடத்தில் பொய் சொல்லாமல் வேலை பார்த்த ஒரே நாள் அது. அன்றைக்கு வேலையே இல்லை.

அன்றைக்கு உங்களிடமும் இப்படி ஒரே ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்லியிருந்தால், மத்தியானம் மத்தியானம் என்று உட்கார்ந்திருக்காமல் வேறு எதையாவது பிடித்துப் போயிருப்பீர்கள். வேறு கம்பெனி விமானம் பதினொரு மணிக்கு ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இதையும் எழுதாமல் விட்டால் முழுதாகச் சொன்னதாக ஆகாது.

மன்னியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை.

கொசு

*

மே 30

கொசுவுக்கு,

ஒன்றரை மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். அதில் பாதி உனக்குச் சேராதது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

"இடம் இல்லை மேடம்" என்று நீ சொன்ன அந்த நொடியில் என் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது ஆத்திரம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஏழு வருடமாக உன் அண்ணன் கப்பலில். நடுவில் வந்த விடுமுறைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. கட்டிலில் குறுக்காகப் படுத்துப் பழகிவிட்டேன். ஒரு டம்ளர் அரிசிதான் போடுகிறேன். அவர் இறங்கி வீட்டோடு வந்துவிட்டால் எங்கே உட்காரவைப்பது, மாலையெல்லாம் என்ன பேசுவது என்று, வரப்போகும் விருந்தாளிக்கு யோசிப்பதுபோல் யோசித்துக்கொண்டே அந்த ஒன்பது மணி நேரமும் பஸ்ஸில் வந்தேன். வாங்க என்று சொல்லவும் பயம், வராதீங்க என்று சொல்லவும் பயம். நீ இரண்டுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டாய். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கே வெட்கமாயிற்று. அந்த வெட்கத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் உன்மேல் கோபமாக மாற்றிக்கொண்டேன். கோபம் சுலபம், பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

நீ பயந்து என் பெயரை அடித்தது தப்பு. அந்தப் பெண்ணை உண்டாக்கி என்னைக் கவலைப்பட வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒரு மாதம் அவளுக்காக நெஞ்சு பதைத்தேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கப்பல் ஜூன் பதினேழு, பதினெட்டு இரண்டு நாளும் அதே துறைமுகத்தில் நிற்கிறது. ரயிலில் போகிறேன், நான்கு நாள் முன்னதாகவே. லேப் முதலாளி, "நாலு நாள் முன்னாடி போய் என்ன பண்ணுவே?" என்றார். உட்கார்ந்திருப்பேன் என்றேன்.

அண்ணி

*

ஜூன் 19, ரயில் நிலையத்திலிருந்து

கொசுவுக்கு,

பார்த்தேன். இளைத்திருக்கிறார். முன்தலையில் முடி இல்லை. எஞ்சின் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. ஃபோனில் அவர் எப்போதும் "சரி, சரி" என்று முடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பாதி அவருக்குக் கேட்கவே இல்லையாம். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

துறைமுக வாசலில் பார்வையாளர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் மெஷின், மூலையில் பேப்பர் படிக்கும் காவலாளி, இன்னும் இரண்டு குடும்பங்கள். நான்கு நாளாக மனசுக்குள் கோத்து வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன்.

"என்ன?" என்றார்.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"என்ன சொல்றே?"

"நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றேன்" என்று கத்திவிட்டேன். அறை முழுதும் திரும்பியது. காவலாளி பேப்பரைத் தாழ்த்தினார். வாழ்க்கையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

பிறகு அவரும் கத்தித்தான் பேசினார், அவருக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை.

"எனக்கும்தான். கரையில என்ன பண்றதுன்னே தெரியலை. அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன். உன் ஃபிளைட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே. நீ வந்ததும் எப்படிச் சொல்றதுன்னு இதே நாற்காலியில உக்காந்திருந்தேன். வரலைன்னு நீ ஃபோன் பண்ணினதும், தப்பிச்சேன்டான்னு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு இருவரும் அசதியாக, நேரம் முடிகிறது என்று காவலாளி வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் கொஞ்சம் சுலபமாக இருந்தது. சாப்பாடு, பல்வலி, கூரை ஒழுகுவது என்று பேசினோம். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு மாதம் வந்து இருந்து பார்ப்பதாகச் சொன்னார். "பார்க்கலாம்" என்றேன். அதற்கு மேல் இருவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆக, நீ என்னை ஏற்றி அனுப்பியிருந்தாலும் கதை இதுதான். உன் தப்பைக் கழுவ இதை எழுதவில்லை. எனக்கு நீ செய்தது செய்ததுதான், அதை நாம் இருவரும் பேசிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் எங்கள் ஒன்பது மாதத்தை நீ தூக்கிச் சுமக்காதே. அது எங்களுடையது, கொசு. நாங்களே போட்ட கையெழுத்து.

உன் வேலை என்ன ஆயிற்று என்று உன் அண்ணன் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறாள் என்றேன். நாலு இடம் ஏறி இறங்கி அலுத்துப்போனால் வீட்டுக்கு வா. வந்து தூங்கு. பேச வேண்டாம், எதையும் விளக்க வேண்டாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கு, நான் எழுப்பமாட்டேன்.

அண்ணி